டிரைவர்மேல் விழும் பழி

யூஎஸ்பி டேட்டா கார்டை லினக்ஸில் ஓடவைத்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவரிடம் வரும் புகார் பெரும்பாலும் ஒரே வாசகத்தில்தான் இருக்கும்: "லினக்ஸுக்கு இதோட டிரைவர் கிடைக்கலை." 2009 பிப்ரவரியில் பிஎஸ்என்எல் சென்னையில் 3ஜி சேவையைத் தொடங்கியது. பின்னாலேயே டாடா ஃபோட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட், எம்டிஎஸ் எம்பிளேஸ், ஐடியா நெட்செட்டர் என்று கடைவாசலில் குடை விரித்து விற்கிற காலம் வந்தது. இப்போது 4ஜி குச்சிகளும் வந்தாயிற்று. இத்தனைக்கும் புகாரின் வாசகம் மாறவில்லை. இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதற்கு நேர்மாறானது. டிரைவர் இல்லாமல் நின்றுபோன டேட்டா கார்டு அபூர்வம். அது நின்ற இடம் வேறெங்கோ இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். கண்டுபிடித்த பிறகு செய்யவேண்டியது ஓரிரு வரித் தட்டச்சு, அவ்வளவே. லினக்ஸ்மேல் உள்ள பாசத்தில் இதைச் சொல்லவில்லை. லினக்ஸின் தவறுகளும் இந்தக் கதையில் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

ஒரு குச்சியைச் செருகுவதற்கும் இணையப்பக்கம் திறப்பதற்கும் நடுவில் என்னவெல்லாம் நடக்கவேண்டும் என்று பார்த்தால் பழி ஏன் தவறான இடத்தில் விழுகிறது என்பது புரியும். முதலில் அந்தப் பொருள் கணினிக்கு மோடமாகத் தெரியவேண்டும். பிறகு கர்னல் அதற்கு சீரியல் போர்ட்களைத் திறந்து கொடுக்கவேண்டும். மோடம் சிம்மை ஏற்றுக்கொள்ளவேண்டும், டவர் மோடத்தை ஏற்றுக்கொள்ளவேண்டும். டேட்டா அழைப்பு போய்ச் சேரவேண்டும். ஐபி முகவரி வரவேண்டும், டிஎன்எஸ் வரவேண்டும், பொட்டலங்கள் சரியான வழியில் வெளியேறவேண்டும். இதில் எது அறுந்தாலும் பயனருக்குத் தெரிவது ஒன்றே: பக்கம் திறக்கவில்லை. எல்லா நோய்க்கும் ஒரே அறிகுறி என்றால் எல்லோரும் ஒரே நோயின் பெயரைத்தான் சொல்வார்கள். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டில் லேண்ட்லைன் இல்லாத பிள்ளைக்கு இணையம் என்றால் டேட்டா கார்டுதான். அது பாஸில் ஓடவில்லை என்றால் அன்றோடு பாஸுக்கும் அந்தப் பிள்ளைக்கும் உறவு முடிந்தது. ஆகவே பழி எங்கே விழுகிறது என்பது வெறும் தொழில்நுட்ப நுணுக்கம் இல்லை, ஓர் இயங்குதளத்தின் பெயரே அதில் கெட்டது.

முதல் படியை எடுத்துக்கொள்வோம், சிக்கலில் பெரும்பகுதி அங்கேதான் இருந்தது. ஹுவாவே இ1550, இ173, இசட்டிஇயின் எம்எஃப் வரிசை போன்ற குச்சிகளைச் செருகியதும் அவை மோடமாக எழுந்திருப்பதில்லை, சிடி டிரைவாக எழுகின்றன. குச்சிக்குள் இருக்கும் சிறு நினைவகத்தில் விண்டோஸுக்கான நிறுவல் கோப்புகளை வைத்து, அதை ஒரு சிடி போலக் காட்டுகிறார்கள். பென் டிரைவாகக் காட்டாமல் சிடியாகக் காட்டியதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் சிடியைக் கண்டால் ஆட்டோரன் செய்யும். பென் டிரைவில் வைரஸ் பரவியதால் விண்டோஸ் 7 அந்த வசதியைப் பென் டிரைவுக்கு நிறுத்தியது, 2011 பிப்ரவரியில் பழைய விண்டோஸ்களுக்கும் அதே கட்டுப்பாடு போனது. சிடிக்கு மட்டும் சலுகை நீடித்தது. தனியாக ஒரு சிடியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுக்கும் செலவு நிறுவனத்துக்கு மிச்சம், செருகினால் தானே நிறுவிக்கொள்ளும் சுகம் வாடிக்கையாளருக்கு. விண்டோஸில் நிறுவல் முடிந்ததும் அதனோடு வந்த மென்பொருள் குச்சிக்கு ஓர் உத்தரவு அனுப்பும், சிடி மறையும், மோடம் எழும். லினக்ஸில் அந்த உத்தரவை அனுப்ப ஆளில்லை. குச்சி தன்னை சிடி என்று சொன்னது, லினக்ஸ் அதை நம்பி சிடியாகவே மவுண்ட் செய்து வைத்தது. விதிப்படி பார்த்தால் லினக்ஸ் செய்தது சரி.

எல்எஸ்யூஎஸ்பி கட்டளையைத் தட்டினால் இந்த வேஷத்தை நேரில் பார்க்கலாம். 12டி1:1446 என்று ஒரு வரி வரும். 12டி1 என்பது ஹுவாவேயின் எண், 1446 என்பது சிடி வேஷத்தில் இருக்கும் நிலையின் எண். மாறியபிறகு அதே குச்சி 12டி1:1001 என்று தெரியும். இசட்டிஇ என்றால் 19டி2:2000 என்பது வேஷம். ஆக, வரியின் பின்பாதி மாறியதா இல்லையா என்று பார்த்தாலே முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். இந்த மாற்றத்தை லினக்ஸில் செய்யும் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற நிரலை எழுதியவர் யோசுவா டீட்ஸே. அந்த நிரல் அனுப்பும் செய்தி மொத்தம் 31 பைட். 55 53 42 43 என்று தொடங்கும். யூஎஸ்பி வழியாக எந்தச் சேமிப்புக் கருவிக்கும் அனுப்பும் கட்டளை இந்த நான்கு பைட்டில்தான் தொடங்கவேண்டும் என்பது விதி. நடுவில் 1பி என்றும் சற்றுத் தள்ளி 02 என்றும் வந்தால் அது எல்லா சிடி டிரைவுக்கும் பொதுவான 'தட்டை வெளியே தள்ளு' என்ற கட்டளை. இசட்டிஇ குச்சிகளில் பலவற்றுக்கு இதுவே போதும். சாதாரண எஜெக்ட் கட்டளையைக் கொடுத்தாலே வேஷம் கலைந்துவிடும். ஹுவாவே அந்த இடத்தில் 11 06 20 என்று தனக்கென ஒரு கட்டளை வைத்திருந்தது. இந்த எண்களை எந்த நிறுவனமும் கையேட்டில் அச்சிட்டுக் கொடுக்கவில்லை. விண்டோஸில் யூஎஸ்பி போக்குவரத்தை ஒட்டுக்கேட்கும் நிரலை ஓடவிட்டு, சிடி மறைவதற்குச் சற்று முன்னால் போன செய்தி எது என்று பார்த்துப் பார்த்து, கருவி கருவியாகச் சேர்த்தார்கள் பயனர்கள். அந்தச் சேகரம்தான் இன்று டெபியனில் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் டேட்டா என்று தனிப் பொதியாக இருக்கிறது.

இதில் லினக்ஸ் தரப்பின் தடுமாற்றமும் உண்டு. ஹுவாவே இ220 வந்த புதிதில் அதை மாற்றும் வேலையைக் கர்னலுக்குள்ளேயே, யூஎஸ்பி சேமிப்புக்கான பகுதியில் எழுதிவைத்தார்கள். கருவிகள் பெருகியதும் இந்தக் கூத்தெல்லாம் கர்னலுக்குள் வேண்டாம், வெளியே நிரல் செய்யட்டும் என்று முடிவானது. முடிவு சரிதான். ஆனால் ஒரு குச்சி கர்னலால் மாறும், இன்னொன்று வெளி நிரலால் மாறும், மூன்றாவது மாறவே மாறாது என்ற குழப்பம் சில ஆண்டுகள் நீடித்தது. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. இணையம் கிடைக்க யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் வேண்டும், அந்தப் பொதியை இறக்க இணையம் வேண்டும். பொதியை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனால் போதாது. அதன் ஒரு பகுதி டிசிஎல் மொழியில் எழுதப்பட்டிருந்ததால் டிசிஎல் பொதியையும் கூடவே எடுத்துப்போகவேண்டும். ஊருக்கு வெளியே வேலைக்குப் போகிறவர்களின் பென் டிரைவில் இந்தப் பொதிகள் நிரந்தரமாகக் குடியிருந்தன. ஏடி^யூ2டயக்=0 என்ற கட்டளையால் ஹுவாவே குச்சியின் சிடி வேஷத்தை அடியோடு நிறுத்திவைக்கவும் முடியும். அதே குச்சியை விண்டோஸ் கணினியிலும் செருகுகிறவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை, அங்கே நிறுவல் கோப்பு காணாமல் போய்விடும்.

வேஷம் கலைந்தபிறகு டிரைவர் விஷயம். பழி சுமத்தப்பட்ட அந்தப் பொருள் உண்மையில் 2005 முதல் இருக்கிறது. மத்தியாஸ் உர்லிக்ஸ் எழுதிய அதன் பெயர் ஆப்ஷன். ஆப்ஷன் என்ற பெல்ஜிய நிறுவனத்தின் கார்டுகளுக்காகத் தொடங்கியதால் அந்தப் பெயர். ஹுவாவே என்று தேடுகிறவர் கண்ணில் அது படுவதே இல்லை, இருந்தும் ஹுவாவே, இசட்டிஇ குச்சிகளில் பெரும்பாலானவற்றை ஓட்டுவது அதுதான். அந்த டிரைவரின் மூலநிரலில் பெரும்பகுதி கருவி எண்களின் பட்டியல். பட்டியலில் எண் இருந்தால் பிடித்துக்கொள்ளும், புதிய எண் என்றால் விட்டுவிடும். எண் இல்லாததை டிரைவர் இல்லாததாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. சிஸ் கோப்பு அமைப்பில் ஆப்ஷன் டிரைவரின் நியூ ஐடி கோப்பில் 12டி1 1001 என்று இரண்டு எண்களை எழுதினால் அந்த நொடியே பிடித்துக்கொள்ளும், கர்னலை மறுபடி கட்டவேண்டியதில்லை. இதற்குப் பதில் அந்தக் காலத்தில் கைக்குக் கை பரவிய வைத்தியம் வேறு: யூஎஸ்பிசீரியல் என்ற பொது டிரைவருக்கு வெண்டர், பிராடக்ட் எண்களைக் கொடுத்து ஏற்றுவது. அதுவும் ஓடும், ஆனால் 3ஜி வேகத்துக்கு எழுதிய டிரைவர் இல்லை அது. இது சோதனைக்கு மட்டுமே என்று கர்னலே பதிவேட்டில் அறிவிக்கும், சரியான டிரைவரில் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள் என்று மின்னஞ்சல் முகவரியும் கொடுக்கும். யாரும் படிக்கவில்லை. வேகம் குறைந்தபோது பழி மறுபடி லினக்ஸ்மேல் விழுந்தது.

டிரைவர் பிடித்ததும் டிடிஒய் யூஎஸ்பி0, 1, 2 என்று மூன்று போர்ட்கள் முளைக்கும். ஒன்றில் டேட்டா போகும், ஒன்று நிறுவனத்தின் பரிசோதனைக்கு, ஒன்று பேச்சுவார்த்தைக்கு. இ1550 போன்றவற்றில் நடுவில் உள்ளது பரிசோதனைப் போர்ட். அதில் கட்டளை கொடுத்தால் மோடம் வாயைத் திறக்காது. அந்த ஒரு போர்ட்டில் மட்டும் தட்டிப் பார்த்துவிட்டுக் கருவி செத்துவிட்டது என்று முடிவு செய்தவர்கள் உண்டு. இன்னொரு சில்லறை விஷயம் அனுமதி. டெபியனிலும் உபுண்டுவிலும் இந்தப் போர்ட்களைத் தொட பயனர் டயல்அவுட் குழுவில் இருக்கவேண்டும். சேர்த்தபிறகு ஒருமுறை வெளியேறி உள்ளே வரவேண்டும்.

இங்கிருந்து மோடமே பதில் சொல்லும். 1981-இல் ஹேஸ் நிறுவனம் தன் 300 பாட் ஸ்மார்ட்மோடத்துக்காக வகுத்த கட்டளைமொழியையே இந்தக் குச்சிகளும் பேசுகின்றன. மினிகாம் போன்ற ஒரு முனையத்தைத் திறந்து கடைசிப் போர்ட்டில் ஏடி என்று அடித்தால் ஓகே என்று வரவேண்டும். ஏடி+சிபிஐஎன்? என்றால் சிம்மின் நிலை தெரியும். ரெடி என்றால் நல்லது. சிம் பின் என்றால் எண் கேட்கிறது. சிஎம்இ எரர் 10 என்றால் சிம்மே இல்லை, அதாவது தட்டில் சரியாக உட்காரவில்லை. ஏடி+சிஎஸ்கியூ என்றால் 14,99 போல ஒரு பதில் வரும். முதல் எண்தான் சிக்னல், 0 முதல் 31 வரை. அதை இரண்டால் பெருக்கி 113-ஐக் கழித்தால் டெசிபல் மில்லிவாட்டில் அளவு வரும். 14 என்றால் மைனஸ் 85, தாராளம். முதல் எண்ணே 99 என்று வந்தால் அளவு தெரியவில்லை என்று பொருள். 99-ஐப் பார்த்து ஃபுல் சிக்னல் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. ஏடி+சிஆர்இஜி? என்பது டவரில் பதிவானதா என்ற கேள்வி. 0,1 என்றால் சொந்த நெட்வொர்க், 0,5 என்றால் ரோமிங், 0,2 என்றால் தேடிக்கொண்டிருக்கிறது, 0,3 என்றால் டவர் மறுத்துவிட்டது. இந்தக் கடைசிப் பதில் லினக்ஸுக்கும் கருவிக்கும் சம்பந்தமே இல்லாதது. சிம் ஆக்டிவேட் ஆகவில்லை, அல்லது அந்த சிம்முக்கு அங்கே இடமில்லை. ஒரு நிறுவனம் விற்ற குச்சியில் வேறு நிறுவன சிம்மைப் போடுவதும் அப்போது சகஜம். ஏடி^கார்டுலாக்? என்று கேட்டால் ஹுவாவே குச்சி பூட்டப்பட்டிருக்கிறதா, திறக்க இன்னும் எத்தனை வாய்ப்பு மீதி என்று இரண்டையும் சொல்லிவிடும். நடுநடுவே ^ஆர்எஸ்எஸ்ஐ என்று கேட்காத செய்திகளை மோடம் கொட்டும். அதைக் கோளாறு என்று எண்ணவேண்டாம், ஏடி^சியுஆர்சி=0 என்றால் அடங்கிவிடும்.

பதிவாகிவிட்டால் மிச்சம் அழைப்பு. ஜிஎஸ்எம் குச்சிக்கு *99#, சிடிஎம்ஏ குச்சிக்கு #777. ஏபிஎன் பெயர் பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம். ஏபிஎன் தவறினால் வரும் குணம் ஏமாற்றும்: கனெக்ட் என்று வரும், உடனே அறுந்துவிடும். பார்க்கிறவர் டவரைத் திட்டுவார். டபிள்யூவிடயல் பயன்படுத்துகிறவர்கள் ஸ்டுபிட் மோடு என்ற வரியை இயக்காவிட்டால், அது பழைய டயலப் காலத்து நினைப்பில் எதிர்முனை லாகின் கேட்கும் என்று காத்திருக்கும். யூசர்நேம், பாஸ்வேர்டு தேவையே இல்லாத நெட்வொர்க்குக்கும் எதையாவது எழுதிவைக்காமல் அது நகராது. இணைந்தபின் எதிர்முனை முகவரி 10.64.64.64 என்று தெரிந்தால் பயப்படத் தேவையில்லை. எதிர்முனை தன் முகவரியைச் சொல்லாதபோது பிபிபி நிரல் தானே இட்டு நிரப்பும் எண் அது. இந்தக் குச்சிகளில் பிபிபி பேச்சு டவர்வரை போவதே இல்லை, குச்சிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, ஆகவே அந்த முகவரியால் யாருக்கும் பயனில்லை. ஆனால் டிஎன்எஸ் முகவரியாக 10.11.12.13, 10.11.12.14 என்று வந்தால் அது வேறு கதை. நெட்வொர்க் உண்மையான முகவரியைத் தருவதற்கு முன்பே அவசரப்பட்டு குச்சி கொடுக்கும் போலி எண்கள் அவை. பிங் போகும், பெயர் சொன்னால் பக்கம் திறக்காது. நெட்வொர்க் மேனேஜர் இந்த இரண்டு எண்களையும் அடையாளம் கண்டு ஒதுக்கும்படி பின்னர் எழுதப்பட்டது. லேன் கேபிளும் செருகியிருந்தால் இன்னொன்று: ஏற்கெனவே உள்ள டீஃபால்ட் ரூட்டை மாற்றமாட்டேன் என்று பிபிபி ஒரு வரியில் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். இணைப்பு உயிரோடு இருக்கும், பொட்டலமெல்லாம் கேபிள் வழியாக வெறும் ஸ்விட்சுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இந்த வரிசையிலேயே அடங்காத ஒரு கோளாறு மின்சாரம். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவதாக ஒப்புக்கொண்டது 500 மில்லிஆம்பியர். 2ஜியில் பேசும் மோடம் தொடர்ந்து ஒலிபரப்புவதில்லை, எட்டில் ஒரு நேரத்துண்டில் மட்டும் வெடிப்பாக அனுப்பும். சிக்னல் மோசமான இடத்தில் அந்த வெடிப்பின்போது மோடம் இழுக்கும் மின்னோட்டம் இரண்டு ஆம்பியர் வரை எகிறும். குச்சிக்குள் உள்ள மின்தேக்கி அதைத் தாங்கப் பார்க்கும். ஜன்னலோரம் சிக்னல் நன்றாக இருக்கிறதென்று மெல்லிய நீட்டிப்பு ஒயரில் குச்சியைத் தொங்கவிட்டால் தாங்காது. 2012-இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பை பி மாடலில் யூஎஸ்பி போர்ட்டுக்கு 140 மில்லிஆம்பியர் பியூஸ்தான் போட்டிருந்தார்கள், அதில் டேட்டா கார்டு நிற்காததில் வியப்பில்லை. அறிகுறி இப்படி இருக்கும்: சிறு கோப்புகள் இறங்கும், ஏதாவது பெரிதாக அனுப்பத் தொடங்கியதும் அறுந்துபோகும். டிமெசேஜில் யூஎஸ்பி டிஸ்கனெக்ட் என்று ஒரு வரி, அடுத்த சில நொடியில் குச்சி மறுபடி எழுந்திருக்கும், ஆனால் டிடிஒய் யூஎஸ்பி0 என்பது டிடிஒய் யூஎஸ்பி3 ஆகியிருக்கும். அமைப்புக் கோப்பு பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். இதை டிரைவர் கோளாறு என்று எண்ணிக் கர்னல் பதிப்பை மாற்றி மாற்றிப் பார்த்து நாளைக் கழிப்பவர்கள் உண்டு. தனி மின்சாரம் உள்ள ஹப் ஒன்றும், எண்ணுக்குப் பதில் பை-ஐடி பாதையை எழுதுவதும் போதும்.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: விண்டோஸில் செருகினால் ஓடுகிறதே, அப்புறம் குறை யாருடையது? உண்மைதான், ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று பார்க்கவேண்டும். குச்சியோடு வரும் மொபைல் பார்ட்னர் போன்ற நிரலில் வேஷம் கலைக்கும் உத்தரவு, எந்தப் போர்ட் எதற்கு என்ற விவரம், நிறுவனம் முன்கூட்டியே எழுதிக்கொடுத்த ஏபிஎன், டயல் எண் எல்லாம் அடங்கியிருக்கின்றன. மேலே சொன்ன கேள்விகள் அத்தனைக்கும் விடையை யாரோ உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதே குச்சியை அந்த நிரல் இல்லாமல் விண்டோஸில் ஓட்டச் சொன்னால் அங்கேயும் இதே வரிசையில்தான் நிற்கவேண்டும். வேறு நிறுவன சிம்மைப் போட்டால் அந்த நிரலே ஒரு மூலையில் புரொஃபைலை மாற்றச் சொல்லும், அதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் அலைந்த விண்டோஸ்காரர்களும் கணிசம். ஆனால் மறுப்பில் பாதி நியாயம் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளவேண்டும். படிக்கிற பிள்ளை இந்தக் கேள்விகளைத் தெரிந்துவைத்திருக்கத் தேவையில்லை. அதற்கான விடைகளை வினியோகம் செய்கிறவர்கள் நிரப்பியிருக்கவேண்டும். 2008 அக்டோபரில் உபுண்டு 8.10 நெட்வொர்க் மேனேஜர் 0.7-ஐக் கொண்டுவந்து இதைத் தொடங்கியது. நாடு, நிறுவனம் என்று தேர்ந்தெடுத்தால் ஏபிஎன் தானாக வரும் பட்டியலை ஜினோம் திட்டத்தார் பராமரித்தார்கள். டான் வில்லியம்ஸ் தொடங்கி அலெக்ஸாண்டர் மோர்காடோ வளர்த்த மோடம் மேனேஜர் போர்ட் குழப்பத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டது. அதற்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கண்ட சீரியல் போர்ட்டையெல்லாம் மோடமா என்று தட்டிப்பார்க்கும், ஆர்டுயினோ வைத்திருப்பவர்கள் அதைச் சபிப்பார்கள்.

அப்படியானால் இன்று எல்லாம் தானாக நடக்கிறது, பழைய கேள்வி வரிசை எதற்கு, போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டால் போயிற்று என்பது அடுத்த மறுப்பு. மடிக்கணினிக்கு இது சரியான பதில், நானும் அதையே சொல்வேன். ஆனால் டேட்டா கார்டின் இன்றைய பிழைப்பு மடிக்கணினியில் இல்லை. வயல்வெளியில் நிற்கும் வானிலைக் கருவி, சோலார் இன்வெர்ட்டரின் அளவுகளை அனுப்பும் பெட்டி, கியோஸ்க், பேருந்தில் பொருத்திய கணினி என்று ஆளில்லாத இடங்களில் லினக்ஸும் மோடமும் ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன. அங்கே ஹாட்ஸ்பாட் போட யாரும் இல்லை. தானாக நடப்பது நின்றால், 'கனெக்‌ஷன் ஃபெயில்ட்' என்ற ஒற்றை வாசகத்தோடு பழைய இருட்டுக்கே திரும்புகிறோம். அதோடு கோளாறின் இடம்தான் மாறியிருக்கிறது, இனம் மாறவில்லை. 4ஜி மாட்யூல்களில் பிபிபியை விட்டுவிட்டு க்யூஎம்ஐ, எம்பிஐஎம் என்ற நெறிமுறைகளுக்கு வந்துவிட்டார்கள். கர்னல் 3.4-இலும் 3.8-இலும் இவற்றுக்கான டிரைவர்கள் சேர்ந்தன. குவெக்டெல் இசி25 போன்ற மாட்யூல் சிடி வேஷமெல்லாம் போடாது. ஆனால் ஐபி முகவரி வந்தும் ஒரு பொட்டலம்கூட நகராத நிலை அதிலும் வரும். மாட்யூல் ஈதர்நெட் உறை இல்லாமல் வெறும் ஐபி பொட்டலத்தை அனுப்புகிறது, கர்னல் உறையை எதிர்பார்த்து நிற்கிறது. டபிள்யூவான்0 இடைமுகத்தின் ரா ஐபி அமைப்பில் ஒய் என்று ஓர் எழுத்து எழுதினால் ஓடும். அந்த எழுத்துக்கு முன்னால், முகவரி வந்ததா, பொட்டலம் போனதா, எது நின்றது என்று கேட்டிருக்கவேண்டும். கேட்காதவர் மாட்யூலை மாற்றியிருப்பார்.

ஹைலிங்க் வகைக் குச்சிகளைக் காட்டி, இதில் எந்தச் சிக்கலும் இல்லையே என்பார்கள். இ3372எச் அப்படிப்பட்டது. வேஷம் கலைந்ததும் 12டி1:14டிசி என்று எழும், கணினிக்கு ஒரு ஈதர்நெட் கார்டாகத் தெரியும், 192.168.8.1 என்ற முகவரியில் ஒரு வலைப்பக்கம் திறக்கும், அழைப்பு, ஏபிஎன் எல்லாம் குச்சியே பார்த்துக்கொள்ளும். கைக்கு அடக்கமான ரவுட்டர் என்றே சொல்லலாம், உள்ளே ஓடுவதும் லினக்ஸ்தான். வீட்டு உபயோகத்துக்கு இதைவிட நிம்மதி கிடையாது. ஆளில்லாப் பெட்டிக்கு நான் இதைத் தேர்வதில்லை. கணினிக்கு எப்போதும் ஓர் ஐபி முகவரி இருக்கும், டவர் போய்விட்டாலும் இருக்கும், ஆகவே இணைப்பு அறுந்ததை நிரலால் எளிதில் உணரமுடியாது. ஏடி கட்டளைக்குப் போர்ட் இல்லை, சிக்னலைக் கேட்கவேண்டும் என்றால் வலைப்பக்கத்தின் உள்வாசல் வழியாக டோக்கன் வாங்கிக் கேட்கவேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு நாட் ஆகிவிடுவதால் வெளியிலிருந்து உள்ளே நுழைவதும் சிரமம். கேள்வி கேட்கும் உரிமையை விற்று வாங்கிய நிம்மதி அது. சிலருக்கு அந்த விலை கட்டுப்படியாகும்.

வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனால் எல்லாக் குச்சியும் ஓடிவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ரிலையன்ஸ், டாடா நிறுவனங்களின் சிடிஎம்ஏ சேவைகள் 2017-க்குள் முடிவுக்கு வந்தன. ஏர்டெல் 2020-இல் 3ஜியை மூடியது. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவில் தொடக்கம் முதலே 2ஜியும் 3ஜியும் கிடையாது. பழைய இ1550 ஒன்றை எடுத்து ஜியோ சிம்மைப் போட்டு இன்றைய லினக்ஸில் செருகினால், சிடி வேஷம் கண்மூடித் திறப்பதற்குள் கலையும். ஆப்ஷன் டிரைவர் பிடித்துக்கொள்ளும், மூன்று போர்ட்டும் வரும். ஏடி என்றால் ஓகே என்னும், ஏடி+சிபிஐஎன்? என்றால் சிம்மைப் பார்த்து ரெடி என்றும் சொல்லும். ஏடி+சிஆர்இஜி? என்று கேட்டால் மட்டும் 0,1 வராது. அந்த சிம்மை ஏற்றுக்கொள்ளும் 2ஜி, 3ஜி டவர் எங்கும் இல்லை. இதற்குமேல் தட்டச்சு செய்ய ஒன்றுமில்லை, குச்சியைக் கழற்றிவிட்டு 4ஜி மோடம் ஒன்றை வாங்கிக்கொள்ளச் சொல்லவேண்டியதுதான்.